2031 விழாவில் எங்கள் முப்பத்தொன்பது ஆண்டுகளையும் சொல்லுங்கள்

தேர்தல் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், நாடாளுமன்றத்தில் இருக்கும் எல்லாக் கட்சியினருக்கும், சர்வசன வாக்குரிமையின் நூற்றாண்டு விழாவை நடத்தப் போகிற அனைவருக்கும் மலையகத்திலிருந்து வணக்கம்.

2031 ஜூன் மாதத்தில் இலங்கையின் சர்வசன வாக்குரிமைக்கு நூறு வயதாகிறது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இப்படியான விழாக்களுக்குக் குழுக்கள் முன்கூட்டியே அமைந்துவிடும். என்ன முத்திரை வெளியிடுவது, சிறப்பு மலரில் யார் எழுதுவது, கண்காட்சியில் எந்தப் படங்களை வைப்பது, பாடசாலைகளில் என்ன தலைப்பில் கட்டுரைப் போட்டி நடத்துவது என்பதெல்லாம் விழாவுக்கு வெகு முன்னரே முடிவாகிவிடும். எல்லாம் அச்சுக்குப் போன பிறகு எங்களை விட்டுவிட்டீர்களே என்று முறையிடுவதில் பயனில்லை. ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையக் கடமைக்கும் போகிறேன். வாக்குரிமை என்ற பாடத்தை வகுப்பிலும் பார்க்கிறேன், வாக்குப் பெட்டிக்குப் பக்கத்திலும் பார்க்கிறேன். அந்த இரண்டு இடங்களிலும் நின்று பார்த்த ஒருவருக்கு மனதில் பட்டதைத்தான் சொல்ல வருகிறேன்: நூறு ஆண்டு என்று நீங்கள் எண்ணும் அந்தக் கணக்கில் 1949 முதல் 1988 வரை, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த தமிழரின் வழிவந்த மலையக மக்களில் பெரும்பாலானோர் இல்லை. விழாவின் முதல் பக்கத்திலேயே, எல்லோரும் படிக்கிற எழுத்தில், அந்த முப்பத்தொன்பது ஆண்டுகளையும் சொல்ல வேண்டும்.

கொண்டாட வேண்டியதை மனம் நிறையக் கொண்டாட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 1931க்கு முன் இந்த நாட்டில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. படித்தவருக்கு, சொத்துள்ளவருக்கு, ஆண்களுக்கு. அரசியல் யாப்பைத் திருத்துவது பற்றிப் பரிந்துரைக்கப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது இலங்கைத் தேசிய காங்கிரஸின் பெரிய தலைவர்களே எல்லோருக்கும் வாக்கு வேண்டாம் என்ற பக்கத்தில்தான் நின்றார்கள். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தினர் வேண்டும் என்றார்கள். பெண்களும் வேண்டும் என்றார்கள். ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்று பரிந்துரைத்திருந்தும், முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது, 21 என்றானது. பிரித்தானியாவிலேயே பெண்கள் அந்த நிலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆசியாவில் முதன்முதல் என்று சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1927 முடிவில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா. சங்கத்தின் சார்பில் அவர்கள் ஆணைக்குழு முன் சாட்சி சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். கொழும்பில் வசதியாக வாழ்ந்த ஒருவர் அவர். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய எங்கள் பாட்டிமார் அவரைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள், அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவர் யோசிக்க நேரம் கேட்கவில்லை. எனக்கு இந்த நாட்டின் சுதந்திர வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அக்னஸ் டி சில்வா அவ்வளவு சுலபமாகச் சொன்னதை அரசியல் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிலாளருக்கும் வாக்கு என்றதும் சட்டசபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கண்டிப் பிரதேசத் தொகுதிகளில் சிங்களக் கிராமத்தவரின் குரல் அமிழ்ந்துவிடும் என்றார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையான காயம் ஒன்று இருந்தது. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின் மூலம் கண்டிய விவசாயி தலைமுறையாகப் பயன்படுத்திய காடும் மேய்ச்சல் நிலமும் முடிக்குரிய காணியாகி, கோப்பித் தோட்டக்காரர்களுக்கு மலிவு விலைக்குப் போனது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். காணியைப் பறித்தது ஆங்கிலேய அரசு, வாங்கியது தோட்ட முதலாளி. அந்தக் காணியில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவனின் தலையில் போய் அந்தக் கோபம் விழுந்ததுதான் இந்த மலைநாட்டின் துயரம்.

ஆக, 1931இல் எங்களுக்கு வாக்கு கிடைத்தது நிபந்தனைகளோடுதான். இந்த நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும், அல்லது எழுத்தறிவும் வருமானமும் இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஐந்து வருடம் வாழ்ந்ததைச் சொல்லி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பிறந்து வளர்ந்ததே போதுமாக இருந்தது. அப்படியும் ஒரு இலட்சம் பேரளவில் பதிந்தார்கள். துண்டு முறை ஒழிந்து பத்து வருடம்கூட முழுதாகப் போயிராத காலம் அது. வாங்கிய கடன் தீர்ந்தது என்ற துண்டைத் துரை எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த மக்கள், 1921இல் அந்தச் சங்கிலி அறுந்து, 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1931இல் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினார்கள். ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில் அமைச்சராகவே ஆனார். கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட நாட்களில், மீனாட்சி அம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். சங்கம் வைக்கும் உரிமையும் சும்மா கிடைக்கவில்லை.

அப்புறம் 1947. சுதந்திரத்துக்கு முந்திய அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று ஏழு பேர். தொண்ணூற்றைந்து தெரிவான உறுப்பினர்களில் ஏழு. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் பலம் சேர்த்தது. அதாவது, கொடுத்த உரிமையை எங்கள் மக்கள் பொறுப்பாகப் பயன்படுத்தினார்கள். வரிசையில் நின்றார்கள், தங்களுக்கானவரைத் தேர்ந்தார்கள். பிறகு நடந்ததற்குக் காரணமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம், 18ஆம் இலக்கம். தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் காம்பராவில் பிறந்தவரின் பாட்டனுக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் கிடைத்திருந்தது. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது: பிரஜை இல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கூடாது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடம் ஆகுமுன், நாடும் வாக்கும் இல்லாதவர்களானார்கள்.

இங்கே ருவான்வெல்லையைப் பற்றி எழுத வேண்டும். விழாக் கண்காட்சிக்கு ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையைத்தான் சொல்வேன். 1931 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் எடலின் மொலமூரே அங்கிருந்து தெரிவானார். இந்த நாட்டுச் சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண் அவர். 1936இல் அதே தொகுதி என். எம். பெரேராவை அனுப்பியது. மலேரியாக் காலத்தில் கிராமம் கிராமமாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர் என்ற நன்றியில் மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் எழுந்து அதை எதிர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். அதே ருவான்வெல்லையில்தான் கோடக்கன் பிள்ளை என்பவர், என் பெயரை வாக்காளர் இடாப்பில் சேருங்கள் என்று விண்ணப்பித்தார். அதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் சுதந்திர காலத்து அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. ஆனால் 1951இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1953இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலும் மாற்றியதே சரி என்றது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆகவே அது பாரபட்சம் ஆகாது என்கிற போக்கில் தர்க்கம் போனது.

ஒரே தொகுதி. முதல் பெண் உறுப்பினரை அனுப்பியது, உரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்துப் பேசியவரை அனுப்பியது, இருபத்திரண்டு வருடங்களுக்குள் ஒரு மனிதன் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றதும் அங்கேதான். இலங்கையின் வாக்குரிமை வரலாறு முழுவதையும் அந்த ஓர் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். மொலமூரே அம்மையாரின் படத்துக்குப் பக்கத்தில் கோடக்கன் பிள்ளை வழக்கின் தீர்ப்பையும் வையுங்கள். ஒன்றை வைத்து மற்றதை விட்டால் வரலாறு பாதிதான்.

1952 தேர்தலில் எங்கள் ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. தொழிலாளர் தலைவர்கள் பிரதமர் அலுவலகம் முன்பாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மாதக்கணக்கில் நீடித்தது, சட்டம் அசையவில்லை. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மறுப்பார்கள்: தொகுதிகளைப் பிரிக்கும்போது மொத்தச் சனத்தொகையைத்தான் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கில் நாடற்ற எங்கள் மக்களும் உண்டு. மலைநாட்டில் ஆசனங்களின் எண்ணிக்கை எங்கள் தலைகளையும் சேர்த்துத்தான் வந்தது, அந்த ஆசனங்களுக்கு வாக்குப் போடும் உரிமை மட்டும் எங்களிடம் இல்லை.

நாடற்ற எங்கள் மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்ட 1964 ஒப்பந்தத்தைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. அக்டோபர் 30ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று எண்ணி, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மனிதர்களைக் கேட்டுச் செய்தது இல்லை. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவர்கள் போய்க் குடியேறிய தமிழ்நாட்டு நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்கலாம்.

1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது, இது எங்கள் வேலை, எங்கள் வயிறு என்று எதிர்த்து நின்ற கூட்டத்தில் ஒருவர். அந்தப் போராட்டத்தால் காணி தப்பியது. வாக்கில்லாத மக்களுக்கு ஊர்வலமும் உயிரும்தான் மனுவாக இருந்தன.

இப்போது 1981க்கு வருகிறேன், இந்த மடல் எழுத முக்கிய காரணமே அதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் சர்வசன வாக்குரிமையின் பொன்விழாவை இலங்கை பெரிதாகக் கொண்டாடியது. எலிசபெத் மகாராணியே வந்தார். ஐம்பது ஆண்டு, தடையற்ற சனநாயகம் என்ற பெருமிதத்தில் நாடே நின்றது. அதே அக்டோபரில் இந்த மலைகளில் எத்தனையோ இலட்சம் பேருக்குப் பிரஜாவுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. இரண்டு மாதம் முன்புதான், ஆகஸ்டில், இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களை எரித்து மக்களை விரட்டியிருந்தார்கள். விரட்டப்பட்டவர்களில் பலருக்கு, எங்கள் தொகுதி உறுப்பினரிடம் முறையிடுகிறோம் என்று சொல்லக்கூடிய தகுதியே சட்டத்தில் இல்லை. பொன்விழாவை நடத்தியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விழாவில் எங்களைப் பற்றி உரத்துப் பேச யாரும் இருக்கவில்லை. நூற்றாண்டு விழாவும் அப்படி நடந்துவிடக் கூடாது.

1984இல் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது. அதுவரை அதே மலையில் அதே நேரம் நின்ற பெண்ணுக்குக் குறைவான சம்பளம். அக்னஸ் டி சில்வா சொன்ன வார்த்தை கூலிப் புத்தகத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 1986இல் ஒரு சட்டம், 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம். அந்த இரண்டாவதில்தான் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத எல்லோரையும் ஒரேயடியாகப் பிரஜைகள் என்று ஏற்றார்கள். அப்போதும் விடுபட்டவர்களுக்காக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. நடமாடும் சேவை வைத்து, பத்து நாளைக்குச் சற்றுக் கூடிய காலத்தில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். மனம் வைத்தால் பத்து நாளில் முடியக்கூடிய வேலை அது. இழுத்தது ஐம்பத்து நான்கு வருடம்.

வாக்களிப்பு நிலையத்தில் வாக்காளரின் இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசிப்பார்கள், நீங்கள் அறிந்ததுதான். ஒரு தேர்தலில் வயதான அம்மா ஒருவர் வந்தார். பெயரை வாசித்த பிறகும் நகராமல் நின்றார். என்ன அம்மா என்று கேட்டேன். "அதுல எம் பேரு எங்க இருக்கு சேர், காட்டுங்களேன்" என்றார். இடாப்பைத் திருப்பிக் காட்ட விதியில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பார்த்துவிட்டு, சின்னி விரலை மை வைக்க நீட்டினார். இடாப்பில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று இந்த நாட்டில் எங்கள் முதியவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் கோரிக்கை அந்த இடாப்புகளைப் பற்றியது. 1947 தேர்தலுக்குப் பயன்பட்ட மலைநாட்டு வாக்காளர் இடாப்புகளையும், பெயர்கள் நீக்கப்பட்ட பின் வந்த இடாப்புகளையும் எங்கே இருந்தாலும் தேடி எடுங்கள். கச்சேரிகள் என்கிற மாவட்டச் செயலகங்களில் இருக்கலாம், சுவடிகள் திணைக்களத்தில் இருக்கலாம். கிடைத்தவற்றை எண்மப்படுத்தி எல்லோரும் பார்க்க வையுங்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் பூட்டன் பூட்டியின் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு சமூகத்துக்கு அந்தப் பழைய தாள்தான் இந்த மண்ணில் நாங்கள் யார் என்பதற்கான சாட்சி. கோத்தகிரியில் இருக்கும் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். அவர்களில் சிலரை விழாவுக்கு அழையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1947இல் வாக்களித்தவர்களின் வாரிசுகள் அவர்கள்.

நாடாளுமன்றத்துக்கு ஒரு கோரிக்கை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதே சபையில் கை உயர்த்தி நிறைவேற்றப்பட்டவை. நூற்றாண்டு நாளில் சபை கூடும்போது, அந்தச் சட்டங்களால் நடந்தது அநீதி என்று ஒரு தீர்மானத்தை மூன்று மொழியிலும் நிறைவேற்றுங்கள். பழையதைக் கிளறுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நூறு வருடம் முந்திய நல்லதை நினைப்பதற்கு விழா எடுக்கலாம் என்றால், எண்பது வருடம் முந்திய கெட்டதை ஒரு தீர்மானத்தில் சொல்வது கிளறுவது ஆகாது. சிங்கள நண்பர்களுக்கு இதில் சங்கடப்பட எதுவும் இல்லை. அன்றைக்கு எங்களுக்காக எழுந்து நின்றவர்களில் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் உண்டு. தமிழ்க் காங்கிரஸை விட்டே வெளியேறிய செல்வநாயகமும் உண்டு. எங்களுக்கு எதிராக வாக்களித்தவர்களில் தமிழர்களும் உண்டு. இது இனக் கணக்கு இல்லை.

தேர்தல் ஆணைக்குழுவிடம் முத்திரைக்கும் ஒரு யோசனை: டொனமூர் ஆணைக்குழு முன் அக்னஸ் டி சில்வா, பக்கத்தில் கூடையோடு ஒரு தோட்டத்துப் பெண். பாடசாலைக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு வேண்டுமென்றால் கோடக்கன் பிள்ளை வழக்கைக் கொடுங்கள். காலியிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கும் பிள்ளைகளும் எழுதட்டும்.

கடைசியாகச் சொல்வது விழாவைத் தாண்டியது, ஆனால் அதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம். வாக்கு வந்த பிறகும் அந்த வாக்கு எங்கள் படலை வரை வந்து சேரவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாங்கள் சபைக்கு வாக்களித்தோம், சபையின் பாதையும் தண்ணீர்க் குழாயும் தோட்ட எல்லையில் நின்றன. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அது ஒரு நல்ல மைல்கல், அதையும் மலரில் போடுங்கள். ஆனால் காணி இன்னும் பெரும்பாலானோருக்கு இல்லை. லயத்துக் காம்பராவுக்கு உறுதி என்கிற உரிமைப் பத்திரம் கிடையாது. வேலையை விட்டால் அந்தக் காம்பராவும் கேள்விக்குறி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருடம் முன்பே எச்சரித்திருந்தார்கள். சரி, எங்கே போவது? சொந்தமாகக் கால் ஊன்ற இடம் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் போதுமா? 2025 நவம்பர் முடிவில் டித்வா புயலின் மழையில் மீண்டும் மலைநாட்டுச் சரிவுகள் இடிந்து உயிர்களைக் கொண்டுபோனபோது அதே கேள்விதான் மீண்டும் வந்தது.

சில இடங்களில் 7 பேர்ச் காணியும் தனி வீடும் உறுதியும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உறுதி வாங்கிய குடும்பங்கள் வீட்டு முற்றத்தில் செடி நடுவதைப் பார்த்திருக்கிறேன். லயத்தில் யாரும் பலாக்கன்று நடுவதில்லை, காய்க்கும்போது யார் அங்கே இருப்பார்களோ. அந்த வேலையை வேகப்படுத்துங்கள். 2003இல் பத்து நாளில் செய்த மாதிரி ஒரு முனைப்பு காணிக்கும் வேண்டும். 2031 ஜூனுக்குள் பாதுகாப்பான இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியுறுதி என்று நாள் குறித்துச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருடமும் எத்தனை கொடுத்தோம் என்பதை நாடாளுமன்றத்தில் வையுங்கள். பாதுகாப்பான காணி எது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் வரைபடம் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான நிலத்தைத்தான் கம்பெனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. தடை எங்கே என்று தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

விழாக் குழு அமைக்கும்போது அதில் மலையகத்திலிருந்து குறைந்தது இரண்டு பேரைச் சேருங்கள், ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணாக இருக்கட்டும். இடாப்புகளைத் தேடும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் எங்கள் பக்கத்து ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் வருவோம், விடுமுறை நாட்களில் சம்பளம் கேட்காமலே வருவோம். பழைய கையெழுத்தை வாசிக்கவும், தோட்டப் பெயர்களை இன்றைய பெயர்களோடு ஒப்பிடவும் எங்களால் முடியும். எப்போது தொடங்கலாம் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்